மடிப்பிச்சை

— மடியில என்ன கா?

— அரிசி. பாத்தாத் தெரியல்லயா அண்ணன்? மஞ்சச் சீலை, வெறுங்கால், ஊர் ஊரா நடந்து கால் வெடிச்சுப் போய்க் கிடக்கு. அம்மன்ட சடங்குக்கு மடிப்பிச்சை எடுத்த அரிசி.

— அரிசிக்குக் கீழ என்ன எண்டு கேட்டன்.

— அரிசிக்குக் கீழயும் அரிசிதான் இருக்கும். நீங்க எதுக்கு இப்பிடி மூச்சு வாங்கிறீங்க? பாதைப் படகு கரைய விட்டு வெளிக்கிட்ட பொறகு பாஞ்சு ஏறினதப் பாத்து ஓட்டுறவன் பயந்திட்டான். ஆத்துக்குள்ள விழுந்திருந்தா நாளைக்குப் பெக்டரிக்கு எச்.ஆர். ஐயா இல்ல.

— பகிடி விடாத யசோ. மோட்டச்சைக்கிளக் குருமண்வெளித் துறையில சாச்சுப் போட்டுட்டு ஓடி வந்திரிக்கன். கேற்றில நிக்கிற செக்குரிட்டி எல்லாம் சொல்லிட்டான். நாலாம் செட்டில தைக்கிற புள்ளயள் வெட்டுத் துணிய இடுப்பில செருகிக்கொண்டு போறாளுகள். நீ பிச்சை எடுக்கிற மாதிரிப் போய் நிண்டு அத மடியில வாங்கிற. விளங்குதா? எனக்கு எல்லாம் தெரியும். அந்தப் பொட்டலத்த இஞ்ச தா. ஆத்தில போட்டுட்டு ரெண்டு பேரும் மறந்திருவம்.

— மறுகா?

— மறுகா ஒண்டுமில்ல. திங்கக்கிழமை வழக்கம்போல வேலைக்கு வா. சுப்பவைசர் இடம் ஒண்டு காலியாகுது. உன்ட பேரத்தான் நான் சொல்லப் போறன்.

— தரல்ல எண்டா?

— பெக்டரிச் சாமான் களவு எண்டு பொலிசுக்குக் குடுப்பன். எனக்கு வேற வழி இல்ல.

— பொலிசு கரையிலதானே அண்ணன் இரிக்கு. நாம நடு ஆத்துக்குக் கிட்ட வந்திட்டம். இப்ப பறிக்கிறதெண்டா உங்கட கையாலதான் பறிக்கணும். பறிங்க. முன்னுக்கு மீன் பெட்டியோட நிக்கிற மனிசியள் நம்மளத்தான் பாக்கிறாளுகள். அம்மன்ட அரிசியப் பறிச்சு ஆத்தில கொட்டினவர் எண்டு பின்னேரத்துக்குள்ள ரெண்டு கரையிலயும் உங்கட பேர் போயிரும். சடங்கு முடிய மட்டும் ஒரு வீட்டிலயும் உங்களுக்குத் தண்ணி தர மாட்டாங்க.

— கத்தாத கா.

— நான் கத்தல்ல. இஞ்சின் சத்தத்துக்குள்ள நாம கதைக்கிறது ஒருத்தருக்கும் கேக்காது. அதுக்குத்தான் இந்த மூலையில வந்து குந்தினன். நீங்களும் இருங்க. மண்டூர்க் கரை போய்ச் சேர மட்டும் நேரம் கிடக்கு.

— ஆர் உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்த? லண்டனில இருந்து விசாரிக்க வந்த அந்த வெள்ளைக்காரர் ரெண்டு பேருமா? அவங்க போன கிழமை வந்து பெக்டரி முழுக்கப் பாத்திட்டாங்களே. கொக்கு மார்க் உடுப்புத் தைக்கிற மூணு செட்டையும் நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன். சின்னப் புள்ளயள்ற கவுன், பூப்போட்ட பாவாடை. தொட்டுத் தொட்டுப் பாத்து, சந்தோசமாத்தான் போனாங்க.

— நாலாம் செட்டக் காட்டினீங்களா?

— அது ஸ்கூல் பேக் தைக்கிற இடம். பூச்சி மருந்து அடிச்சுப் பூட்டியிரிக்கு எண்டு சொன்னம்.

— சொன்னம் இல்ல, சொன்னன் எண்டு சொல்லுங்க.

— ஓம், நான்தான் சொன்னன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

— ஸ்கூல் பேக்குக்கு ஏன் அண்ணன் வாசல்ல போனை வாங்கி வைக்கிற? ஸ்கூல் பேக்குக்கு நெஞ்சுக்கும் முதுகுக்கும் தகடு வைக்கிற பை எதுக்கு? நான் அந்தச் செட்டுக்குள்ள இருந்து தைச்சவள். தோட்டா வைக்கிற பொக்கற்றுக்கு மூடி போட்டவள். புள்ளயள் பென்சில் வைக்கிற இடம் எண்டு சொன்னாங்க. பென்சிலுக்கு அவ்வளவு தடிச்ச நூலா? ஊசி உடைஞ்சு என்ட விரலுக்குள்ள ஏறியிரிக்கு.

— நம்மட ஆமிக்கு இல்ல கா அது. வெளிநாட்டு ஓடர். எந்த நாடோ, எந்தச் சண்டையோ. நமக்கென்ன?

— எந்த நாட்டிலயோ ஒருத்தியிர வீட்டுக் கதவத் தட்டப் போறவன் அதப் போட்டுட்டுத்தான் போவான். அவளுக்கும் ஒரு தம்பி இருப்பான்.

— பெரிய கதை கதைக்காத. அதுக்கும் கொக்குக்காரனுக்கும் என்ன தொடுப்பு?

— உங்களுக்குத் தெரியாததா? கொக்குக்காரன் லண்டனில கடைக் கண்ணாடியில எழுதி ஒட்டியிரிக்கானாம், எங்கட உடுப்பில ஒரு பாவமும் இல்ல, எங்களுக்கும் ஆயுதக்காரருக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல எண்டு. ஆனா அந்தக் கவசம் விக்கிற கொம்பனியிலயும் பாதி அவன்டதானாம். அந்தப் பக்கத்த வெள்ளைக்காரர் ரெண்டு பேரும் அங்கயே தோண்டி எடுத்திட்டாங்க. ரெண்டும் ஒரே பெக்டரியில வெட்டுப்படுது எண்டதுதான் மிச்சம். அதத்தான் நாங்க காட்டணும்.

— வெட்டுத்துணிய வெச்சு என்னத்தக் காட்டப் போற? பச்சைத்துணி எந்தக் கடையிலயும் கிடக்கு.

— பச்சைத்துணி கிடக்கும். கட்டியிரிக்கிற நாடா கிடக்காதே. நாலாம் செட்டில வெட்டின துணிய அடுக்கடுக்காக் கட்டுறது எதால? பக்கத்துச் செட்டுக் கழிவாலதானே? கொக்குப் பாவாடையில மிஞ்சின பூத்துணியக் கிழிச்சுத்தான் கட்டுவம். கயிறு வாங்க முதலாளிக்கு மனம் வராது. அந்தப் பூ வேற எந்தக் கடைக்கும் அடிக்கிற பூ இல்லயாம், கொக்குக்காரன்ட சொந்தப் பூ. புள்ளயள் முடிச்ச அவிழ்க்காமத்தான் கொண்டு வந்து போட்டிரிக்காளுகள்.

— பாழாப் போச்சு.

— ஓம். கயித்துக்குக் கஞ்சத்தனம் பிடிச்சதால பாழாப் போச்சு.

— சிரிக்காத யசோ! கொக்குக்காரன் போயிட்டா அந்தப் பெக்டரி ஒரு மாசம் தாங்காது. நானூறு குமரும் குடும்பமும் நடுத்தெருவில நிக்கும். உன்ட மடியில துண்டு போட்டவளுகளே உன்ட வாசல்ல வந்து மண் அள்ளித் தூத்துவாளுகள்.

— அதச் சொல்லித்தான் கேட்டன். ஒவ்வொரு வாசல்லயும், வேலை போகலாம், தெரிஞ்சு போடு எண்டு சொல்லிப் போட்டுத்தான் சீலைய விரிச்சன். உடன போட்டவளும் இரிக்காள், உள்ள போய் அழுதிட்டு வந்து போட்டவளும் இரிக்காள். புஸ்பம் வெறும் அரிசிதான் போட்டாள். ரெண்டு புள்ளயோட தனிய நிக்கிறன், எனக்கு ஏலா யசோ எண்டாள். நான் கோவிக்கல்ல. நீங்க சொல்லுறது எனக்குத் தெரியாம இல்ல அண்ணன். ராவெல்லாம் அந்த நானூறு பேரும் என்ட நெஞ்சில ஏறிக் குந்திக்கொண்டுதான் இரிக்காளுகள்.

— அப்ப விடு. இப்பவும் பிந்தல்ல. அந்த ஏறாவூர்ச் சோனகப் புள்ள, வெள்ளைக்காரருக்கு மொழி சொல்லுறவள், அவளையா நம்பிற? அவங்க ஆக்கள் நமக்கு நல்லது செய்வாங்க எண்டு நினைக்கிறியா?

— ஸாதியாட வாப்பாவத் தொண்ணூறில கொண்டுபோனது நம்மட இயக்க ஆக்கள். அவள் வயித்துக்குள்ள இரிக்கக்குள்ள. அத என்ட வீட்டு வாசல்ல இருந்து எனக்குச் சொல்லிப் போட்டு, நான் ஊத்தின தேத்தண்ணியக் குடிச்சாள். அவள நம்பாம நான் ஆர நம்புற, உங்களயா?

— என்ன நம்பாட்டி ஆர நம்புவ? உன்ன இந்த வேலைக்குச் சேத்தது ஆரு?

— நீங்க.

— உன்ட அம்மாவக் கூட்டிக்கொண்டு ஆமி முகாம் முகாமா அலைஞ்சது ஆரு? உன்ட தம்பி தனோஜனத் தேடி எழுதின மனுவெல்லாம் ஆர்ர கையெழுத்து?

— உங்கடதான். அம்மா சாகக்குள்ளயும், கதிர்காமத்தம்பி இல்லாட்டி நமக்கு நாதியில்ல எண்டுதான் சொன்னா. உங்கட கையப் பிடிச்சுக் கண்ணில ஒத்திக்கொண்டா. நீங்க அழுதீங்க. நான் பாத்துக்கொண்டு நிண்டன்.

— பின்ன? ஒரே ஊர்ச் சனம். வெல்லாவெளியில என்ட வீட்டுக்கும் உன்ட வீட்டுக்கும் நடுவில வேலி கூட இருக்கல்ல. என்ட கலியாணத்துக்கு நீ தலகாணி உறை ரெண்டு தைச்சுத் தந்தியே, மறந்திட்டியா? தாமரைப் பூ. சிவப்பு நூல் முடிஞ்சு போய் ஒரு இதழ மட்டும் ஊதா நூலால தைச்சிருந்த. என்ட மனிசி இப்பவும் அதச் சொல்லிச் சிரிப்பா.

— ரெண்டு உறையிலயும் அதே பிழை. வெல்லாவெளியில அப்ப நூல் வாங்கக் கடை ஏது? அந்த உறை ரெண்டும் இன்னும் இரிக்கா அண்ணன்?

— ஒண்டு இரிக்கு. மத்தது ரெண்டாயிரத்தி ஏழில, ஷெல்லுக்குள்ளால ஓடி வரக்குள்ள எங்கயோ விழுந்திட்டு. உசிரக் கொண்டு வந்ததே பெரிசு.

— ஓடி வரக்குள்ளதான் விழுந்ததா?

— வேற எப்ப? ஏன் கேக்கிற?

— சும்மாதான். தைச்சவளுக்கு ஒரு ஆசை.

— பாத்தியா, நம்மட உறவு அப்பிடி. என்ட புள்ள, சொல்லு. உனக்கு என்னதான் வேணும்?

— வெள்ளைக்காரருக்கு நியாயம் வேணுமாம். ஸாதியாவுக்கு உண்மை வேணுமாம். எனக்குப் பழி வேணும். ஒளிக்காமச் சொல்லுறன். தம்பி போன நாளில இருந்து சோத்தோட சேத்து அதத்தான் நான் முழுங்கிறன்.

— தனோஜனுக்கும் இந்தக் கவசத்துக்கும் என்ன கா?

— ஒரு நாள் தைச்சு முடிச்ச கவசத்தத் தூக்கி உதறினன். தம்பியப் பிடிச்சுக்கொண்டு போனவன் அதே மாதிரி ஒண்டுதான் போட்டிருந்தான். விடு விடு எண்டு தம்பி அவன்ட நெஞ்சுப் பொக்கற்றப் பிடிச்சு இழுத்தது என்ட கண்ணுக்குள்ள நிக்கிது. தையல் கழலவே இல்ல. அவ்வளவு பிலமான தையல். அதத்தான் இப்ப என்ட கை தைச்சிரிக்கு எண்டு நினைச்சதும் திண்ட சோத்த அந்த இடத்திலயே சத்தி எடுத்தன். முழுகாம இரிக்கன் எண்டு லைனில இருந்தவளுகள் சிரிச்சாளுகள்.

— பழையதக் கிளறாத யசோ.

— கிளறத் தேவையில்ல, மேலதான் கிடக்கு. ஓடி வந்து இருந்த அகதி முகாமில அண்டைக்கு விடிய ஆமிக்காரர் எல்லாரையும் வரிசையில விட்டாங்க. நீங்களும் அந்த முகாமிலதானே இருந்தீங்க?

— இருந்தன். அண்டைக்கு விடிய நான் நிவாரண அரிசி எடுக்கப் போயிட்டன். எத்தின தரம் சொல்லியிரிக்கன்.

— ஓம், சொல்லியிரிக்கீங்க. அப்ப நீங்க காணல்ல, நான் சொல்லுறன் கேளுங்க. ஜீப்பில தலையாட்டி ஒருத்தன இருத்தி வெச்சிருந்தாங்க. தலைய மூடி வெள்ளைத் துணி, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவனுக்கு முன்னால ஒவ்வொருத்தரா நடந்தம். அவன் தலைய ஆட்டினா ஆளப் பிடிச்சு லொறியில ஏத்துவாங்க. அம்மா போனா, அசையல்ல. நான் போனன், அசையல்ல. தம்பி போனான். ஒரே ஒரு ஆட்டு. ஓம் எண்டு ஒரு சொல் கூட அவன்ட வாயால வரல்ல. தம்பி ஒரு இயக்கத்துக்கும் போனவன் இல்ல. கிரானில மாமாட வயல் வட்டையில வேளாம வெட்டிக்கொண்டு திரிஞ்சவன். தாக்கத்தி பிடிச்சுக் காய்ச்ச கையப் பாத்து, துவக்குப் பிடிச்ச கை எண்டாங்க.

— தலையாட்டினவனும் பாவம்தான் யசோ. அடிச்சு, தலைகீழாத் தொங்க விட்டு, பொஞ்சாதி புள்ளயக் கொல்லுவம் எண்டு வெருட்டி... ஆரையாவது காட்டு, இல்லாட்டி நீ ஏறு எண்டுதான் சொல்லுவாங்க. ஆட்டாட்டி அவன்ட தலை போயிருக்கும். விளங்குதா?

— நல்லா விளங்குது. அவன்ட தலை மிஞ்சிச்சு. தம்பியிர தலை போச்சு.

— ஆர் எண்டு உனக்குத் தெரியுமா?

— அம்மனுக்கு நேந்திரிக்கன். வாற குளுத்தி அண்டைக்கு ஊரே கோயில்ல கூடி நிக்கும். அம்மன்ட கோவத்த ஆத்திக் குளிர வைக்கிற நாள். எல்லாரும் இளநி கொண்டு வருவாங்க, தயிர் கொண்டு வருவாங்க. நான் ஒரு பேரக் கொண்டு போவன்.

— சும்மா வாய்க்கு வந்த பேரச் சொல்லிராத. சந்தேகத்தில ஒரு குடும்பம் அழிஞ்சிரும்.

— அந்தப் பயத்திலதான் இவ்வளவு காலமும் பேசாம இருந்தன். சந்தேகம் இண்டைக்கு விடியத்தான் தீந்திச்சு. பொறுங்க, போன் அடிக்குது. லவுட்ல போடுறன், நீங்களும் கேளுங்க.

— ஹலோ, யசோதினி அக்கா? ஸாதியா பேசுறன். பாதை வாறது தெரியுது, உங்கட மஞ்சச் சீலையும் தெரியுது. நாங்க மண்டூர்த் துறையடில வேனுக்குள்ளதான் ஈக்கம். சாமான் பத்திரமா?

— மடியில இரிக்கு புள்ள.

— அல்ஹம்துலில்லாஹ். ஒபிஸ் ஆள் சரியா அக்கா? தைக்கிற புள்ளைகள் மட்டும் சொன்னா முதலாளிட வக்கீல் ஒரே சொல்லுல முடிச்சிருவார், வேலைத்தலக் கோவம் எண்டு. ஒபிஸ்ல இருந்து ஒருத்தர் நேர வந்து, துண்டப் பாத்து, இது நம்மட நாலாம் செட்டுச் சாமான்தான் எண்டு ஒத்துக்கணும். படம் எடுக்க மாட்டம், கையெழுத்து வாங்க மாட்டம், பேர் வெளிய வராது. ஆள் வந்தாப் போதும்.

— ஆள் வந்திட்டார் ஸாதியா. எனக்குப் பக்கத்திலதான் இரிக்கார்.

— மாஷா அல்லாஹ்! நீங்க ஆளக் கொண்டு வருவீங்க எண்டு நான் நம்பவே இல்லக்கா. வாங்க வாங்க.

— வைக்கிறன்.

— உனக்கென்ன பைத்தியமா? நான் எப்ப வாறன் எண்டு சொன்ன?

— சொல்லல்லத்தான். பாஞ்சு ஏறினீங்க. செக்குரிட்டி எப்பிடி உங்களுக்கு ஓடி வந்து சொன்னான் எண்டு யோசிக்கல்லயா அண்ணன்? நான்தான் அவனுக்குத் தெரியக்கூடிய மாதிரி அவன்ட வீட்டு முன்னால நிண்டு துண்டு வாங்கினன். உங்கள இந்தப் பாதையில ஏத்துறதுக்கு எனக்கு வேற வழி தெரியல்ல.

— எடேய் தம்பி! பாதையத் திருப்பு! திருப்படா!

— அவனுக்குக் கேக்காது. கேட்டாலும் திருப்ப மாட்டான், அங்கால பஸ்ஸால இறங்கின சனம் நிக்கிது.

— நான் இறங்க மாட்டன். இதிலயே இருந்து திரும்பிப் போவன். முதலாளி ஆர் எண்டு உனக்குத் தெரியாது, என்ன உசிரோட விட மாட்டார். என்ன வெட்டிப் போட்டாலும் என்ட வாயால ஒரு சொல் வராது. விளங்குதா?

— மறுகா?

— மறுகா என்ன மறுகா? அந்தப் பொட்டலத்தத் தா எண்டுறன்!

— இந்தாங்க. கரை கிட்ட வந்திட்டு, இப்ப பாருங்க. அரிசியப் பாக்காதீங்க அண்ணன். கட்டியிரிக்கிற துணியப் பாருங்க.

— இது... இது எப்பிடி உன்ட கையில?

— விடிய உங்கட வாசல்லயும் போய்ச் சீலைய விரிச்சன். அண்ணி மனம் நிறைஞ்சு அரிசி போட்டா. மடி கொள்ளல்ல எண்டதும் உள்ள போய் இந்தத் தலகாணி உறைய எடுத்துத் தந்தா, உன்ட கையால தைச்சது, நீயே கொண்டு போ எண்டு. இதிர சோடி எங்க அண்ணி எண்டு கேட்டன். ஓடி வரக்குள்ள விழல்லயாம். முகாமில தோச்சுக் கொடியில போட்டிருந்தாவாம். ஒரு நாள் விடிய நீங்க அதச் சுருட்டி எடுத்துக்கொண்டு நிவாரண அரிசிக்குப் போனீங்களாம். அரிசியும் வரல்ல, உறையும் வரல்ல எண்டு சொல்லிச் சிரிச்சா. பாவம் அவ, ஒண்டும் தெரியா.

— யசோ...

— பூவ ஆரும் கண்டுபிடிச்சிருவாங்க எண்டு உள்பக்கத்த வெளிய திருப்பித்தான் தலையில போட்டுக்கொண்டு அந்த ஜீப்பில இருந்தீங்க. கெட்டிக்காரன்தான். ஆனா தையலிர பின்பக்கம் வெளிய வந்திட்டே. பூவிர முன்பக்கம் ஊரே பாக்கும். பின்பக்கத்து முடிச்செல்லாம் தைச்சவளுக்குத்தான் தெரியும். உங்கட காதுக்குக் கிட்ட, நூல் தொங்கத் தொங்க, ஒரு இதழ் ஊதா. அந்த உறை களவு போயிருக்கலாம், வேற ஆரும் எடுத்திருக்கலாம் எண்டு எத்தின வருசம் உங்களுக்காக நானே வாதாடியிரிக்கன் தெரியுமா? நீங்க அம்மாக்கு மனு எழுதித் தரக்குள்ள எல்லாம் உங்கட தலையப் பாத்துக்கொண்டே இருந்திரிக்கன்.

— கைக்குழந்தையக் கொல்லுவம் எண்டாங்க யசோ. சத்தியமா. கும்பிடுறன், கோயில்ல என்ட பேரச் சொல்லிராத. என்ட புள்ளயள் அந்த ஊரில நடக்கணும்.

— சொல்லுவனா மாட்டனா எண்டு எனக்கே இன்னும் தெரியா. எழும்புங்க. வேன் கதவு துறந்திட்டு, ஸாதியா இறங்கி வாறாள்.

— என்னால ஏலா. அவங்களுக்கு முன்னால போய் நிண்டா எனக்கு நாக்கு எழும்பாது. ஒரு சொல்லும் வராது யசோ, ஒரு சொல்லும் வராது.

— சொல் எதுக்கு அண்ணன்? அண்டைக்கும் நீங்க ஒரு சொல்லும் சொல்லல்லத்தானே. அவள் ஒவ்வொரு துண்டா எடுத்துக் காட்டுவாள். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க.